போத்தலில் நின்ற மழை

மழை வரப்போகிறது என்று பிள்ளைமடுவத்து அக்காவிடம் யாரும் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. “யாரு சொன்னது? எங்க நின்னு சொன்னது?” என்று இரண்டு கேள்விகள் கேட்பார். கோபமாக அல்ல. அரிசி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்பதைப் போலக் கேட்பார். பதில் தெரியாதவர்கள் சிரித்து மழுப்பப் பார்ப்பார்கள். அக்கா அவர்களோடு சேர்ந்து சிரிக்க மாட்டார். பதில் வரும்வரை அதே இடத்தில் நிற்பார்.

ஒருமுறை பங்குத்தந்தையே மாட்டிக்கொண்டார். மாதா திருநாளுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிவில், வரும் சனிக்கிழமை கடும் மழை என்று தெரிவதால் மாதா சிலையைத் தூக்கிச் செல்லும் சுருவப் பவனி கோயில் வளவுக்குள்ளேயே நடக்கும் என்று அறிவித்தார். பூசை முடிந்து வாசலில் நின்றவரிடம் அக்கா போய் வழக்கமான இரண்டு கேள்விகளையும் கேட்டார். ஃபாதர் அங்கியின் பையிலிருந்து தொலைபேசியை எடுத்துக் காட்டினார். அக்கா திரையை இரண்டு விரல்களால் விரித்து, மேலே இருந்த சின்ன எழுத்தைப் படித்துவிட்டு, “ஃபாதர், இது நீர்கொழும்பு மழை” என்றார்.

ஃபாதர் நீர்கொழும்பிலிருந்து எங்கள் பங்குக்கு மாற்றலாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய தொலைபேசிக்கு மட்டும் இன்னும் மாற்றம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை சுருவம் சந்திவரை போய் நனையாமல் திரும்பி வந்தது. அக்கா அதைத் தன் வெற்றியாகச் சொல்லிக்கொண்டதில்லை. “இங்கயும் பேஞ்சிருந்தாலும் பேஞ்சிருக்கும். ஆனா நம்ம மழைய நாமதான் பாக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைமடுவம் என்பது, தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் விட்டுப்போகும் இடம். ஹேவாஹெட்டவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அது தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டி, பாதைக்காக வெட்டிய மண்மேட்டின் அடியில் இருக்கிறது. நீளமான ஓர் அறை, ஒரு சமையலறை, கூரைமரத்தில் தொங்கும் ஏணைகள், பதினேழு பிள்ளைகள். மேட்டின் நெற்றியில் ஒரு வெடிப்பு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதற்குள் புல் முளைத்திருக்கும். பின்னர் ஒருநாள் பார்த்தபோது என் சுட்டுவிரல் உள்ளே போனது.

அக்காவின் கேள்விகளுக்குக் காரணம் அந்த வெடிப்புத்தான். மண்சரிவு பற்றி ஒருநாள் வகுப்புக்குத் தோட்டத்திலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். அங்கே கொடுத்த தாளை மடுவத்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். ஒரு நாளில் நூறு மில்லிமீற்றர் மழை தாண்டினால் ஆயத்தமாக இருங்கள், நூற்றைம்பது தாண்டினால் வெளியேறுங்கள் என்று அதில் இருந்தது. வகுப்புக்குப் போன மற்றவர்கள் சாப்பாட்டுப் பார்சலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள் என்றும், அக்கா மட்டும் பஸ்ஸில் அந்தத் தாளை நான்கு முறை படித்தார் என்றும் அம்மா சொல்லியிருக்கிறார்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கொழும்பில் ஏதோ கடையில். மகள் கண்டியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். லயத்தில் அவருடைய ஒற்றையறைக் காம்பராவுக்கு முன்னால் கொடியில் எப்போதும் துணி நனைந்துகொண்டிருக்கும். பிள்ளைகளின் துணி அல்ல, அவருடைய துணி. பதினேழு பேருடைய ஏணைத் துணியையும் முதல் துளி விழுவதற்கு முன் உள்ளே எடுத்துவிடும் ஒருவரால் தன் இரண்டு சேலைகளைக் காப்பாற்ற முடியாமல் போனது எங்கள் லயத்தில் ஒரு பகிடி.

நான் தகவல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்து, கண்டியில் தரவுகளைச் சேர்த்துச் சரிபார்க்கும் சிறிய கொம்பனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாதம் இரண்டு முறை அம்மாவிடம் போவேன். அப்படிப் போன ஒரு சனிக்கிழமை அக்கா தன் தொலைபேசியுடன் வந்து படியில் உட்கார்ந்தார்.

“பாப்பா, இதுல நாலு மழை இருக்கு. நாலும் நாலு மாதிரி சொல்லுது. எத நம்புறது?”

நான்கையும் திறந்து பார்த்தேன். முதலாவது தொலைபேசியோடு வந்தது. எங்கே நின்று பார்த்தாலும் கண்டி என்றுதான் காட்டும், எங்களுக்கும் கண்டிக்கும் இடையே ஒன்றரை மணித்தியாலப் பஸ் பயணமும் பல மலைகளும் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. இரண்டாவதில் வரைபடத்தின் மேல் நீலமும் ஊதாவுமாக மழை நகர்ந்து வரும். பார்க்க அழகு. ஆனால் அது கண்டு வரைந்த மழையல்ல, கணக்குப்போட்டு வரைந்த மழை. மூன்றாவது, மணிக்கு மணி எத்தனை மில்லிமீற்றர் என்று எண்ணாகச் சொன்னது. நான்காவது செயலியே அல்ல. வட்ஸ்அப் குழு.

அந்த நான்காவதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. ஒருநாள் குழுவில் சிவப்பு எச்சரிக்கைப் படம் ஒன்று வந்து லயம் முழுவதும் கலங்கிப்போனது. அக்கா படத்தில் திகதியைத் தேடினார், இல்லை. அனுப்பியவருக்கே அழைத்து, உங்களுக்கு யார் அனுப்பியது என்று கேட்டார். அவர் சொன்னவருக்கு அழைத்தார். அவர் சொன்னவருக்கும் அழைத்தார். ஆறாவது ஆள் பதுளையில் ஒருவர். அவர் அதைப் போன வருடம் அனுப்பியிருந்தாராம். “நல்லாயிருக்கீங்களா அண்ணே, அந்த மழை உங்களுக்கு ஒண்ணும் செய்யலியே?” என்று விசாரித்துவிட்டு வைத்தார். பிறகு குழுவில், இது போன வருடத்து மழை, பெய்து முடிந்துவிட்டது என்று குரல்பதிவு போட்டார்.

இந்த விசாரணைகளால் அவருக்கு ஊர் ஊராக ஆட்கள் கிடைத்தார்கள். அவருடைய தொலைபேசியில் பெயர்ப் பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். ‘மழை மடவளை’ என்று ஒரு பெயர். அது சம்பள நாளில் துணி விற்க வரும் நானா. ‘மழை தெல்தெனிய’ ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண். ‘மழை லொறி’ மரக்கறி லொறிச் சாரதி. கிழக்கே கறுத்துக்கொண்டு வரும் நாட்களில் முதலில் தெல்தெனியவுக்கு அழைப்பார். அங்கே பெய்தால் கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கம் வரும் என்பது அவருடைய அனுபவம். மடவளை நானா அவருடைய அழைப்புக்குப் பழகியிருந்தார். வணக்கம், சலாம் ஒன்றும் இல்லாமல், “இன்னும் வெயில் ஈக்கிது தங்கச்சி” என்று தொடங்கிவிடுவார்.

எனக்கு இதெல்லாம் சிரிப்பாகவும் பிரியமாகவும் இருந்தது. அதே நேரம், ஒழுங்காகச் செய்யலாமே என்றும் தோன்றியது. அக்காவிடம் போத்தல் ஒன்று இருந்தது. பெரிய சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து வைத்து, அடியில் கற்கள் போட்டுக் கோடுவரை தண்ணீர் விட்டு, பக்கத்தில் அளவுகோலாக அடிமட்டத்தை ஒட்டிய மழைமானி. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. காலையில் ஆறு மணிக்கு, தொழிலாளர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்கு முன்னால், அளந்துவிட்டு ஊற்றிவிடுவார். அந்த எண்ணைத் தினமும் எனக்கு அனுப்பச் சொன்னேன். நான் அதற்கு எதிரே மூன்று செயலிகளின் எண்களையும் எழுதி, பருவமழை முடியும்போது எது நம்பகமானது என்று சொல்லிவிடலாம் என்றேன்.

“சரி பாப்பா” என்றார்.

காலை ஆறு பத்துக்குச் செய்தி வரும். ஒருநாளும் பிந்தியதில்லை. சில நாள் எண் மட்டும். சில நாள் எண்ணோடு ஒரு குறிப்பு. ‘23. போத்தல்ல ஒரு கல்லு கூட இருந்திச்சு. சின்னவன் போட்டிருக்கான். எடுத்திட்டுத்தான் அளந்தேன்.’ ‘0. ஆனா பனி.’ ‘41. ராத்திரி சத்தத்துக்கு இன்னும் கூட இருக்கும்னு நெனச்சேன். இல்ல. இருக்கிறதத்தான் எழுதியிருக்கேன்.’ கண்டியில் என் அறையில், பல்துலக்கிக்கொண்டே நான் வாசிக்கும் முதல் எழுத்து அதுதான். அதற்கு நான் ஒரு பெருவிரல் மட்டும் அனுப்புவேன்.

இரண்டு மாதத்தில் என் அட்டவணையில் மூன்றாவது செயலி முன்னால் வந்தது. சிறு மழைகளில் போத்தலும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகச் சொல்லின. ஆனால் பெருமழை நாட்களில் போத்தல் மிகக் கூடுதலாகக் காட்டியது. சில நாள் இரண்டு மடங்கு. குறிப்பு நிரலில் நான் ‘போத்தல் பிழை, கூரைத் தண்ணீர் விழுகிறதா?’ என்று எழுதினேன். அக்காவிடமும் சொன்னேன். அவர் போத்தலைக் கூரையிலிருந்து தள்ளி வைத்தார். பிறகு மரத்திலிருந்தும் தள்ளி, வெட்டவெளியில் கம்பு நட்டுக் கட்டினார். பெருமழை வந்தபோது மறுபடியும் இரண்டு மடங்கு. நான் என் குறிப்பை மாற்றவில்லை. எண்கள் பொருந்தாதபோது விலையுயர்ந்த கருவியைச் சந்தேகிக்காமல் மலிவானதைச் சந்தேகிப்பது எனக்கு இயல்பாக இருந்தது.

அந்தக் காலை எனக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது. ஆறு பத்துக்குச் செய்தி வரவில்லை. அழைப்பு வந்தது.

“பாப்பா, போத்தல்ல நூத்தி அம்பத்தெட்டு நிக்குது.”

நான் மூன்றாவது செயலியைத் திறந்தேன். நேற்று எழுபத்தொன்பது. இன்று இதுவரை எழுபத்து நான்கு. மிகுதி நாளுக்குச் சூரியன்.

“இல்லக்கா, போன்ல நூறே தாண்டல. போத்தல் எப்பவும் கூடத்தானே காட்டும். இனி மழையும் இல்ல. பயப்படாதீங்க, மடுவத்தத் தொறங்க.”

அவருக்குப் பின்னால் பிரட்டுக்குப் போகும் பெண்களின் சத்தம் கேட்டது.

“அங்க கண்டியில பேஞ்சிச்சா பாப்பா?” என்றார்.

“தூறல்தான்.”

“சரி” என்று வைத்துவிட்டார்.

நடந்ததை அம்மா பிறகு சொன்னார். அக்கா மடுவத்தைத் திறக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, பிள்ளைகளுடன் வந்தவர்களிடம், இன்றைக்கு இங்கே வேண்டாம், கீழே கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோவோம், நானும் இரண்டு பேரைத் தூக்கிக்கொள்கிறேன் என்றாராம். கோயிலுக்கு இறங்கி ஏற முக்கால் மணித்தியாலம். பிரட்டுக்குப் பிந்தினால் அரைநாள் பெயர்தான் விழும், அரைநாள் சம்பளம்தான். வானமோ கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி இருந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, “ஒரு ராத்திரி மழைக்கே கோயிலா? அப்ப கார்த்திகை பூரா நமக்குப் பூசைதான்” என்றாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஆனால் சாவி அக்காவின் கையில் இருந்ததால் இறங்கித்தான் போனார்கள்.

அன்று ஒன்றும் விழவில்லை. அடுத்த நாளும் வெயில். அன்றும் அக்கா திறக்கவில்லை, மண்ணுக்குள் போன தண்ணீர் வெளியே வர நாளாகும் என்று வகுப்பில் சொன்னார்களாம். மூன்றாம் நாள், தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் வெளிக்கள ஐயா மடுவத்துக்கே வந்துவிட்டார். தன் தொலைபேசியில் இருந்த மஞ்சள் சூரியனை எல்லோருக்கும் பிடித்துக் காட்டினார். பிறகு, கண்டியில் படித்த பிள்ளை ஒன்று போன் பார்த்து ஒன்றும் ஆகாது என்று சொன்னதாமே, அதற்குமேல் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். அந்தப் பிள்ளை நான். ஐயாவின் காதுவரை அதைக் கொண்டுபோனது அம்மா, பெருமையாக யாரிடமோ சொல்லி.

“அந்தப் பிள்ள கண்டியில நின்னு சொல்லிச்சுங்க ஐயா” என்றாராம் அக்கா. “நா இங்க நிக்கிறேன்.”

ஐயா சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் மடுவத்தை வேறொருத்தி திறந்தாள்.

நாலு மாதம் கழித்து அக்கா குவைத்துக்குப் புறப்பட்டார். மகளின் படிப்புக்கு அதுதான் வழி என்றார். கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ரோல்ஸும் பிளேன்டீயுமாக உட்கார்ந்திருந்தோம். போகப்போகும் நகரத்தை ஏற்கெனவே தொலைபேசியில் சேர்த்து வைத்திருந்தார். பத்து நாளுக்கும் பத்துச் சூரியன். “இதுல நா எத பாக்கிறது பாப்பா?” என்று சிரித்தார். நான் அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். அப்போதும் என் அட்டவணை சரி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆகவே இப்படிச் சொன்னேன்:

“உங்க மேல பிழையில்லக்கா. அந்தப் போத்தல்தான் கொஞ்சம் கூடக் காட்டிருச்சு.”

அக்கா என்னைப் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. எங்கே நின்று என்றும் கேட்கவில்லை.

“இருக்கும் பாப்பா” என்றார்.

அதன் பிறகு பல மாதங்களுக்கு எனக்கு ஆறு பத்துக்கு விழிப்பு வந்தது. பழைய செய்திகளை மேலிருந்து கீழாக வாசிப்பேன். ‘0. ஆனா பனி.’ மழையில்லாத ஒரு காலையைப் பற்றி எனக்கு யாராவது அத்தனை அக்கறையோடு எழுதியிருக்கிறார்களா என்று யோசிப்பேன். கண்டியில் வாவிக்கரையில் குடையோடு நடக்கும்போது, இங்கே பெய்கிறது என்று யாருக்காவது சொல்ல வேண்டும்போல இருக்கும். எனக்குத் தெரிந்தவர்களில் அதைக் கேட்டு, எப்போது தொடங்கியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று விசாரிக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவருடைய பழைய எண் நின்றுபோயிருந்தது. புதிய எண்ணை மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

இந்த வருடம் எங்கள் கொம்பனிக்கு ஒரு மருத்துவமனையின் வேலைநேரப் பதிவுகள் வந்தன. இரவுப் பணி செய்யும் தாதியரின் நேரம் தவறாகக் கணக்காகிறது என்பது முறைப்பாடு. பார்த்தால் எளிய பிழை. மாலை ஏழு முதல் காலை ஏழுவரை ஒரே பணி. கணினியோ நள்ளிரவு பன்னிரண்டுக்கு நாளை வெட்டி, பாதியை நேற்றிலும் பாதியை இன்றிலும் போட்டுவிடுகிறது. பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்தவள் இரண்டு அரைநாள் வேலை செய்தவளாகிறாள். திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது என் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

போத்தலுக்கு நாள் என்பது காலை ஆறு முதல் காலை ஆறு. தொலைபேசிக்கு நள்ளிரவு முதல் நள்ளிரவு. எங்கள் பக்கத்துப் பெருமழை பின்னேரத்தில் தொடங்கி விடியும்வரை பெய்வது.

அந்தப் பருவத்தின் மணிக்கணக்குகள் என்னிடம் சேமிப்பில் இருந்தன. அட்டவணைக்கு அப்போது நான் எடுத்தது தினத்தொகைகளை மட்டும்தான். ஆறிலிருந்து ஆறுவரை கூட்டினேன். எழுபத்தொன்பதும் எழுபத்து நான்கும் சேர்ந்து நூற்றைம்பத்து மூன்று. போத்தல் நூற்றைம்பத்தெட்டு. மற்றப் பெருமழை நாட்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். எல்லாம் போத்தலை ஒட்டியே வந்தன. செயலியும் பொய் சொல்லவில்லை, போத்தலும் பொய் சொல்லவில்லை. ஒரே மழையை இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, பாதியைப் பார்த்து, மடுவத்தைத் திறங்கள் என்று சொன்னவள் நான்.

அன்றே மகளிடம் எண் வாங்கினேன். அவருக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் பேச நேரம் கிடைக்கும் என்றாள். அந்த வெள்ளி நான் அம்மாவிடம் போயிருந்தேன். மழை தொடங்கினால் லயத்துக்குள் சிக்னல் நிற்காது, மாதா சிலை இருக்கும் கெபியடிக்கு ஏறிப் போனால்தான் கிடைக்கும். குடை பிடித்துக்கொண்டு அங்கே நின்று அழைத்தேன். மழை அப்போதுதான் கனக்கத் தொடங்கியிருந்தது.

என் குரலைக் கேட்டதும், “அங்க பேயுதா? சத்தம் கேக்குதே” என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அதுதான். நான் எழுதி வைத்திருந்த ஒழுங்கில் சொன்னேன். முதலில் நாள் பற்றி. பிறகு நள்ளிரவு பற்றி. பிறகு கூட்டல். கடைசியாக மன்னிப்பு. முடித்ததும் ஒரு சிரிப்புக் கேட்டது.

“அப்ப பன்னெண்டு மணிக்கு மழை நின்னு, நாள மாத்திட்டுப் பேயும்னு நெனச்சிருக்கு உங்க போனு.”

“நாந்தான் அக்கா அப்படி நெனச்சேன்.”

“போத்தல் சரியா இருந்திருக்கு?”

“சரியா இருந்திருக்கு.”

அங்கே தூரத்தில் ஏதோ குழந்தை அழுதது.

“இப்ப அங்க யாரு அளக்கிறா?”

“யாருமில்லக்கா.”

“பிள்ளைங்க?”

“மடுவத்துலதான். அதே இடம்.”

வெடிப்பைப் பற்றிக் கேட்டார். இப்போது கை முழுவதும் போகும் என்றேன். நான் மறுபடியும் மன்னிப்பைத் தொடங்கினேன்.

“அது கெடக்கட்டும் பாப்பா” என்றார். “நாளைக்கு அளந்துட்டுப் பிரட்டுக்கு எத்தன மணிக்குப் போவீங்க?”

அம்மாவிடம் வெற்றுப் பால்மா டின் ஒன்று இருந்தது, பக்கங்கள் நேரானது. கெபியடியிலிருந்து இறங்கிய கையோடு அதைக் கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி, இரண்டு கற்களுக்கு நடுவில் வைத்தேன். விடியும்போது மழை நின்றிருந்தது. அடிமட்டத்தை விட்டுப் பார்த்தேன். நூற்றைம்பத்தைந்து. அடிமட்டத்தைத் துடைத்துவிட்டு, ஈரம் எங்கே முடிகிறது என்று மறுபடியும் அளந்தேன். அதேதான்.

பிரட்டுக்களத்தில் கூடைகளோடு நாற்பது பேரளவில் நின்றார்கள். சிலரின் இடுப்பில் பிள்ளைகள். சூரியன் எதிர்மலையில் விழுந்து, தேயிலை முழுவதும் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் இதுவரை கூட்டத்தில் பேசியதில்லை. நேற்றுப் பின்னேரத்திலிருந்து இங்கே பெய்தது நூற்றைம்பத்தைந்து, நானே அளந்தேன், பிள்ளைகளை மடுவத்துக்கு அனுப்பாதீர்கள் என்றேன். போனில் நேற்று என்றும் இன்று என்றும் இரண்டாகத் தெரியும், இரண்டையும் கூட்டிப் பாருங்கள் என்றேன். போன முறை பிழையாகச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன்.

ஐயா தொலைபேசியை எடுத்தார். பின்வரிசையில் யாரோ, “குவைத்துக்கு அடுத்த ஆள் ரெடி” என்றார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது. நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கார்த்திகை பூரா பூசைதான் என்று அன்று சிரித்தவள் முன்வரிசையில் நின்றாள். அவளுடைய கைக்குழந்தை இப்போது நடக்கிறான். இடுப்பில் புதிதாக இன்னொன்று. என் முகத்தையும் மேட்டின் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“ரெண்டையும் என்னால தூக்க ஏலாது” என்றாள். “பெரியவன நீங்க தூக்குங்க.”

அவன் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தான். நாங்கள் கோயில் பாதையில் இறங்கத் தொடங்கினோம். வளைவுவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இன்னொரு சோடிச் செருப்பு ஈரப் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.